நூலாவின் இரண்டாம் வாக்கு

மே 8, புதன்

இன்று போஸ்டர் கட்டினோம். அயர்லாந்துச் சட்டப்படி வாக்குப்பதிவுக்கு முப்பது நாளுக்கு முன்னால் ஒரு கம்பத்தில்கூட எந்த வேட்பாளரின் முகமும் தெரியக் கூடாது. அதனால் கிளோனாரிக் ஊரில் இருக்கிற அத்தனை வேட்பாளர்களும் இன்று விடிந்ததிலிருந்து ஏணியும் கையுமாக அலைந்தார்கள். என் முகத்தை நானே நாற்பத்தேழு கம்பங்களில் கட்டினேன். டொம் மச்சாது என்ற பேரைப் பார்த்துவிட்டுப் பாதி ஊர் என்னைப் பிரேசில்காரன் என்று நினைக்கிறது. தூத்துக்குடி என்று விளக்கி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

மத்தியானம் அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணினான்.

"ஏலே தொம்மை, ஒரே கட்சியில ரெண்டு பேரு நிக்கியளாமே? அப்பம் ஒருத்தன் போட்டி வேட்பாளரா?"

இல்லை என்று விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. இங்கே நகராட்சிக்கு எங்கள் பகுதியிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் ஒரே சீட்டில் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்து 3 என்று எண் போடுவார். கடைசியில் நிற்கிறவரை வெளியேற்றி, அவர் சீட்டுகளில் 2 யாருக்கு விழுந்திருக்கிறதோ அவருக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கட்சி இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறது. ஒன்று நான். இன்னொன்று நூலா ஹெஸ்லின், அறுபத்திரண்டு வயது, பதினைந்து வருடமாகக் கவுன்சிலர். ஊருக்கு நடுவே ஓடும் ஆறுதான் எல்லை. ஆற்றுக்குக் கிழக்கே எனக்கு 1, நூலாவுக்கு 2 என்று துண்டறிக்கை கேட்கும். மேற்கே நூலாவுக்கு 1, எனக்கு 2. நான் பாலம் தாண்டி வாக்குக் கேட்கக் கூடாது, நூலாவும் தாண்டக் கூடாது.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமால?" என்றான் அண்ணன். இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

மே 10, வெள்ளி

நூற்றுப் பன்னிரண்டு கதவுகள். ஒரு நாய்க்கடி, ஆழமில்லை.

மே 13, திங்கள்

பாலத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. துக்க வீடு. அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கிடையாது. இந்த ஊரில் யார் செத்தாலும் வேட்பாளர் போக வேண்டும். சவப்பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள், வரிசையாகப் போய்ச் சொந்தக்காரர்களின் கையைப் பிடித்து "உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். போகாதவனை ஊர் ஐந்து வருடத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். பன்னிரண்டு வருட வேலை. யார் போகப் போகிறார்கள் என்பது எனக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய? இன்று மேற்குக் கரையில் திருமதி கௌலி வீட்டுக்கு நூலாவுக்கு முன்னால் நான் போய் நின்றேன். நூலா வந்தார். பழைய நீலக் கோட்டு, கையில் கேக்.

"என்ன டொம், ரெண்டு வாரத்துல இது நாலாவது. செத்தவங்க என் பக்கம், மொத ஆளா நிக்கிறது நீ" என்றார்.

"துக்க வீட்டுக்கு எல்லை இல்லன்னு கட்சியிலதான் சொன்னாங்க."

"அதான் சொல்லுதேன். எல்லை இல்ல. கொஞ்சம் வெக்கம்னு ஒண்ணு உண்டு."

இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம். எழுத உட்கார்ந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. நூலா சொன்னதும் தூத்துக்குடியில் வைத்துச் சொன்ன மாதிரியே உறைத்தது.

மே 16, வியாழன்

மழை. துண்டறிக்கை எல்லாம் நனைந்து போயிற்று.

மே 18, சனி

காலை வேலை. இல்லத்தில் ஒன்பதாம் அறையில் இருக்கும் டைக் என் துண்டறிக்கையை வாங்கிப் பார்த்தார். "பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கு. ஊரு உன்ன நம்பணும்னா இம்புட்டுப் பல்லு காட்டாத" என்றார். எழுபத்தொரு வயது, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, நாக்கு முழுசாக வேலை செய்கிறது.

டைக் நூலாவின் அண்ணன். பதினைந்து வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவர்கள் அப்பா கவுன்சிலராக இருந்து இறந்தபோது, அந்த இடத்துக்கு யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்கள் ஓட்டல் ஹாலில் கூடி வாக்குப் போட்டார்கள். அண்ணனும் நின்றார், தங்கையும் நின்றாள். தங்கை இரண்டு வாக்கில் ஜெயித்தாள்.

"அதுல ஒண்ணு எம் பெண்டாட்டி போட்டது" என்று டைக் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்டாட்டியும் இப்போது இல்லை. பதிவேட்டில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் மகன் பேர் மட்டும்தான். நூலாவின் பேரை யாரோ எழுத, அதை அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார் மனிதர். தங்கச்சி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி" என்பார்.

டைக் என் பல்லைப் பற்றிச் சொன்னதற்கு, பக்கத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த மாரிசெல் சிரித்தாள். மாரிசெல் பிலிப்பைன்ஸ்காரி, எங்கள் இல்லத்தில் உதவியாளர். எதற்கும் சிரிப்பாள்.

மே 22, புதன்

கட்சியின் தேர்தல் பொறுப்பாளர் ஃபின்டான் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்.

"ஆறுல அஞ்சு இடம் முடிஞ்சு போச்சு டொம். கடைசி இடத்துக்கு நம்ம கட்சியில ஒரு ஆளுக்குத்தான் வாக்கு இருக்கு. நீ, இல்லாட்டி நூலா. உங்க ரெண்டு பேருல யாரு பின்னால நிக்கிறாங்களோ அவங்க வெளியே. அவங்க சீட்டு இன்னொருத்தர ஏத்தி விடும்."

"எம்புட்டு வித்தியாசம் இருக்கும்?"

"இருபது. முப்பது. அதுக்கு மேல போகாது."

அவர் போனதும் என் மனைவி மெட்டில்டா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "தோத்தா என்ன செய்வீய?"

"தோக்க மாட்டேன்."

"நான் அதக் கேக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக இந்த ஊர்க் கிழவர்களுக்குக் கால் கழுவிவிடுகிறேன். ஆனாலும் கடையில் என்னைப் பார்த்து இன்னும் "எப்போ ஊருக்குத் திரும்பிப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நிற்க வேண்டும். என் பேர் நகராட்சிச் சுவரில் மரப்பலகையில் ஏறினால் நிற்கும். இது பேராசை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மே 23, வியாழன்

இல்லத்து மேட்ரன் அறிவிப்பு ஒட்டச் சொன்னார். வெளியே போக முடியாத முதியோருக்காக அதிகாரி ஒருவர் வாக்குப்பெட்டியோடு இல்லத்துக்கே வருவார். மே 30, வியாழன் காலை பத்திலிருந்து ஒன்று வரை. அது முடியும் வரை எந்த வேட்பாளரும் உள்ளே வரக் கூடாது. என்னையும் கூப்பிட்டு, வேலை நேரத்தில் தேர்தல் பேச்சு வாயிலிருந்து வரக் கூடாது என்றார். சரி என்றேன். அறிவிப்பை வாசல் கதவில் நானே ஒட்டினேன். முப்பத்துமூன்று பேருக்கு அங்கே வாக்கு இருக்கிறது. பாதிப் பேர் மேற்குக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்.

மே 25, சனி

டைக்குக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டைக்கே எழுதிக் கொடுத்திருப்பதால் இங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். பெர்த்தில் இருக்கும் மகனுக்குத் தகவல் சொன்னேன். தேநீர் நேரத்தில் டைக் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை.

சாயங்காலம் மில் தெருவில் அறுபது கதவுகள்.

மே 26, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு. பத்து மணிக்கு மாரிசெல் என்னை மருந்து அறை வாசலில் பிடித்தாள்.

"டொம், ஒன்பதுல இருக்கவர் தங்கச்சியக் கேக்கிறார். நூலா, நூலான்னு. ஃபோன் பண்ணிட்டீங்களா?"

நேற்று காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறேன். விழுந்தது. "நூலாவ வரச் சொல்லு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார்.

காய்ச்சலில் இருக்கிற மனிதர். பதினைந்து வருடமாகப் பேரையே சொல்லாதவர். பதிவேட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டவர். தெளிந்தபின் நீ ஏன் அவளைக் கூப்பிட்டாய் என்று என் மேல் பாய்ந்தால்? மேலும் வியாழன் ஒரு மணி வரை வேட்பாளர் யாரும் உள்ளே வரக் கூடாது. விதி எனக்கும் ஒன்றுதான், நூலாவுக்கும் ஒன்றுதான்.

"சொல்லிட்டேன். வருவாங்க" என்றேன் மாரிசெல்லிடம்.

வியாழன் ஒன்றரைக்குப் போன் பண்ணிவிடுவேன். நாலு நாள். டைக் அதைவிட மோசமான சளியிலிருந்தெல்லாம் எழுந்திருக்கிறார்.

இல்லத்தில் டைக்கின் குறிப்பேட்டில் எழுதினேன்: ஓய்வாக இருந்தார், கோரிக்கை எதுவும் இல்லை.

மே 27, திங்கள்

கொஞ்சம் தேவலாம். கஞ்சி அரைக் கிண்ணம். என்னைப் பார்த்து "வந்துட்டாளா?" என்றார். வியாழக்கிழமை என்றேன்.

மே 28, செவ்வாய்

டைக் காலை பத்து நாற்பதுக்குப் போய்விட்டார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

மே 29, புதன்

மேற்குக் கரையில் டைக்கின் சொந்த வீட்டில் வைத்திருந்தார்கள். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஜன்னல் எல்லாம் திறந்தும் ஈர வாடை போகவில்லை. வரிசை தெரு முனை வரை நின்றது. மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சொந்தம் என்று நூலா ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்து, துக்கத்துக்கு வருத்தப்படுகிறேன் என்றேன். டைக்கின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடப் பார்த்தேன், நூலா என் கையை விடவில்லை. எழுந்து சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"கடைசியில நீதான் கூட இருந்தியாம்?"

"ஆமா."

"ஏதும் சொன்னானா?"

"அமைதியாப் போனார். தூக்கத்துலயே."

"அதுக்கு முந்தி? என் பேச்சு ஏதும் எடுத்தானா?"

தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாகவே திறந்து, இல்லை என்றது.

நூலா தலையை ஆட்டினார். "அவன் அப்பிடித்தான். புடிச்சா புடிதான்" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "நீ கூட இருந்தியே, அது போதும்" என்று போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று எங்கள் அம்மா என்னைச் சின்ன வயதில் திட்டுவாள். அது பலகாரம் திருடித் தின்றதற்கு.

வாசலில் மாரிசெல் எதிரே வந்தாள். நீலக் கோட்டுக்காரம்மா உள்ளேயா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். சிரிக்கவில்லை. துக்க வீட்டில் யார் சிரிப்பார்கள்.

மே 30, வியாழன்

பெட்டி வந்தது. அதிகாரி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் அறை அறையாகப் போனார்கள். முப்பத்துமூன்றில் டைக் போக முப்பத்திரண்டு வாக்கு. நான் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று ஐந்துக்கு வாசல் கதவிலிருந்து அறிவிப்பைக் கிழித்தேன். அந்த நிமிடத்திலிருந்து எந்தத் தங்கையும் எந்த அண்ணனையும் வந்து பார்க்கலாம்.

மூன்று மணிக்கு அழைப்பு மணிப் பலகையில் ஒன்பதாம் எண் எரிந்தது. போய்ப் பார்த்தேன். மெத்தை உருவி வைத்த கட்டில், மூடிய ஜன்னல். மணியின் கயிறு சுவரில் மாட்டியபடி அசையாமல் தொங்கியது. அணைத்துவிட்டு வந்தேன். நாலு மணிக்கு மறுபடியும்.

ஜூன் 1, சனி

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதாம். ஒயரைக் கழற்றிவிட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

ஒயரைக் கழற்றிய பிறகும் எனக்கு மணி கேட்கிறது. பூசையில் சாமியார் மணி அடித்தபோது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். மெட்டில்டா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"களைப்பு."

"டைக் செத்ததுலேருந்து நீங்க சரியா சாப்பிடல. அவருக்கு நீங்க எம்புட்டோ செஞ்சீய. அதையே நெனச்சிக்கிட்டு இருக்காதீய" என்றாள். அவள் ஆறுதல் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

இப்போது ஒவ்வொரு கதவிலும் ஒரே பேச்சு. "நீதானே டைக்கோட கடைசியில இருந்தவன்? நூலா சொன்னா. தங்கமான மனுசன்னு சொன்னா." கதவைச் சாத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான். இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு ஓடி வருகிறேன். மில் தெருவில் ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. டைக்கின் மூச்சு அப்படித்தான் இருக்கும், இழுப்பு நீளம், விடுவது குட்டை. நான் மணியை அடிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஃபின்டானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நூலா அவ பக்கத்துல வீடு வீடாப் போயி, எனக்கு 1 போடுறீங்களோ இல்லையோ, டொம்முக்கு 2 போடாம வராதீங்கன்னு கேக்கிறா. முப்பது வருசமா தேர்தல் பாக்கிறேன். கூட நிக்கிறவனுக்கு இப்பிடிக் கேட்ட ஆளு கிடையாது. துண்டறிக்கையில போடுவோம், வாயால கேக்க மாட்டோம். அவ மனசு யாருக்கு வரும்?"

நல்ல மனசு என்றேன்.

ஜூன் 7, வெள்ளி. வாக்குப்பதிவு

நூலா காலை ஏழு மணிக்கே பாலத்தின் மேற்கு முனையில் வந்து நின்றார். நான் கிழக்கு முனையில். நடுவே நாற்பது அடிதான் இருக்கும். வாக்குப் போடப் போகிறவர்களிடம் அவர் பேசுவது காற்றில் எனக்குக் கேட்டது. "ரெண்டு டொம்முக்கு. மறந்துறாத." மழை தூறியது. போகவில்லை. மூன்று மணி வாக்கில் ஒரு தடவை என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

அப்போது நாற்பது அடி நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாக்குப்பதிவு முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு. எண்ணிக்கை

விளையாட்டு அரங்கில் இரண்டாவது நாளாக எண்ணினார்கள். மத்தியானம் ஐந்து பேர் ஜெயித்தாயிற்று. கடைசி இடத்துக்கு மூன்று பேர் மிச்சம். வேறு கட்சிக்காரர் ஒருவர் 1,120. நான் 911. நூலா 902.

ஒன்பது வாக்கு. முப்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் நூலாவின் கரையில் பிறந்தவர்கள். தங்கை அண்ணனின் கட்டில் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்திருந்தால், அந்த வராந்தாவில் நடந்திருந்தால், ஒன்பது பேர் மனம் மாற எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கணக்கைத்தான் மே 25ஆம் தேதி சாயங்காலமே நான் போட்டிருந்தேன். எழுதத்தான் இல்லை.

நூலாவை வெளியேற்றுவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவருடைய 902 சீட்டுகளைப் பிரித்தார்கள். கம்பித் தடுப்பில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்சி ஆட்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். டொம், டொம், டொம், வேற ஆள், டொம், டொம். 655 சீட்டு எனக்கு வந்தது. ஃபின்டான் அழுதார். என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தேன். நூலா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும் வந்து கை கொடுத்தார். கை சில்லென்று இருந்தது. "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. ரொம்ப எளச்சுப்போயிட்ட" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு நூலா வீட்டுக்கு வந்தார். மெட்டில்டா வேலைக்குப் போயிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எத்தன தடவ கேட்டான்?"

எந்தத் தடவை, யார் என்றெல்லாம் நான் கேட்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"அஞ்சு தடவ."

நூலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மாரிசெல் மூணுன்னா. ரெண்டு அவளுக்குத் தெரியாது போல" என்றார். "கடைசித் தடவ என்ன சொன்னான்?"

"வந்துட்டாளான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"வியாழக்கிழமைன்னு சொன்னேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று மூன்று நாலு தடவை சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மாரிசெல் எப்பச் சொன்னா?" என்றேன்.

"துக்க வீட்டுலயே. நீ வாசல் தாண்டிப் போன அஞ்சாவது நிமிசம்."

மே 29. அதன்பிறகு ஒன்பது நாள் வீடு வீடாகப் போய் என்னைத் தங்கம் என்று சொல்லியிருக்கிறார். பாலத்தில் மழையில் நின்றிருக்கிறார்.

"தெரிஞ்சுமா எனக்குக் கேட்டீங்க? ஒரு வார்த்த வெளியே விட்டிருந்தா நான் பத்து வாக்குகூட மிஞ்சாம போயிருப்பேனே."

"போயிருப்ப. நாலு நாள் பேசிட்டு ஊரு ஒன்ன மறந்திருக்கும். நீயும் மறந்திருப்ப" என்றார் நூலா. "அது எங்கப்பா ஸீட்டு. அதுக்காவ நான் பதினஞ்சு வருசம் அண்ணன் இல்லாம இருந்தேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் அதுல உக்காந்து, இதுக்காவா, இதுக்காவான்னு நெனச்சிருக்கேன். இப்பம் நீ உக்காரு. ஒக்காந்து பாரு."

கதவு வரை போனவர் திரும்பினார்.

"எனக்கு இனிமே வேல கிடையாது. மாசாமாசம் கூட்டத்துக்கு வருவேன். பொதுமக்களுக்குன்னு நாற்காலி போட்டிருக்கு."

ஜூன் 15, சனி

ராஜினாமா செய்தால் என்ன என்று காலையில் ஃபின்டானிடம் கேட்டேன். சாயங்காலம் போன் பண்ணினார். "கிறுக்குப் புடிச்சிருக்கா? நீ போனா அந்த எடத்துக்குக் கட்சி ஒரு ஆள நியமிக்கும். நூலாவ இன்னைக்கே கேட்டுட்டேன், அவ மாட்டேங்கிறா. டொம்தான் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா" என்றார்.

ஜூன் 17, திங்கள்

மெட்டில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். "அந்தப் பொம்பளைக்கு நான் போயி மாவு பலகாரம் கொண்டு குடுத்துட்டு வந்தேனே, ஒங்களுக்கு வாக்குக் கேட்டாளேன்னு" என்று மட்டும் சொன்னாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

முதல் கூட்டம். என் பேரைத் தவறில்லாமல் உச்சரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். நூலா உட்கார்ந்திருந்த அதே இடம் எனக்கு, ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டாவது.

பொதுமக்கள் பகுதி எனக்கு நேர் எதிரே இருந்தது. நூலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அரங்கு நிறைந்துவிட்டது, பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண் வந்து நூலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனாள். நூலா அதன் மேல் கையை வைத்து, "ஆள் வருது" என்றார். அந்தப் பெண் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பிறகு ஒரு கிழவர் வந்தார். அவரிடமும் அதையே சொன்னார்.

தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். அதன்பிறகு யாரும் வரவில்லை. அந்த நாற்காலி அப்படியே இருந்தது.

புதிய உறுப்பினர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். எழுந்தேன். எழுதி வைத்திருந்த காகிதத்தில் முதல் வரி, கட்சித் தோழி நூலா ஹெஸ்லினுக்கு நன்றி. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தே பேசி முடித்தேன். நூலா கை தட்டினார்.